நூறா, நூற்றா? எண்ணை எழுத்தால் எழுதும் கணக்கு

"ரூபாய் ஆயிரம் இருநூறு ஐம்பது மட்டும்" என்று கணினி அச்சிட்ட ரசீதுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். படித்தால் புரிந்துவிடும். ஆனால் தமிழ் பேசுகிற யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆயிரத்து இருநூற்று ஐம்பது என்றுதான் வாயில் வரும், பள்ளிக்கூடப் பக்கமே போகாதவருக்கும் அப்படித்தான் வரும். எங்கே பிசகுகிறது என்றால், நிரல் எழுதியவர் ஆங்கிலத்துக்கு ஏற்கெனவே இருந்த ஒரு நிரலை எடுத்து, அதிலிருந்த ஒன்று, இரண்டு, நூறு, ஆயிரம் எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல்லைப் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார். எண்ணைச் சொல்லாக மாற்றுவது அகராதி வேலை இல்லை, இலக்கண வேலை. ஒவ்வொரு மொழிக்கும் அது தனித்தனியாகச் செய்ய வேண்டிய வேலை. தமிழுக்கும் அதைச் சரியாகச் செய்ய முடியும், அதுவும் ரொம்பக் குறைந்த விதிகளில் செய்ய முடியும் என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில், இலக்கத்தில் எழுதிய பிறகு எழுத்தாலும் ஏன் எழுதுகிறோம்? இலக்கத்தைத் திருத்துவது சுலபம் என்பதால்தான். 0 ஒரு கீற்றில் 6 ஆகிவிடும், 1 கொஞ்சம் வளைந்தால் 7, கடைசியில் ஒரு சுழி சேர்த்தால் தொகை பத்து மடங்கு. இந்தப் பயம் மிகப் பழையது. இன்று நாம் எழுதும் இந்த இலக்கங்கள் அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த காலத்தில், பிளாரன்ஸ் நகரத்து நாணய மாற்றுக்காரர்களின் சங்கம் 1299இல் கணக்குப் புத்தகத்தில் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது, தொகையை எழுத்தால்தான் எழுத வேண்டும் என்று விதி போட்டது. சீனாவில் சிக்கல் இன்னும் கூடுதல், ஏனென்றால் அங்கே ஒன்று என்பதற்கு ஒரு கோடு, இரண்டுக்கு இரண்டு கோடு, மூன்றுக்கு மூன்று கோடு; ஒன்றை மூன்றாக்க இரண்டு இழுப்பு போதும். அதனால் பணப் பத்திரங்களில் மட்டும் எழுதுவதற்கென்றே அதே எண்களுக்கு நிறையக் கோடுகள் கொண்ட வேறு எழுத்துகளை வைத்துக்கொண்டார்கள். ஜப்பானின் பத்தாயிரம் யென் தாளில் இன்றும் ஒன்று என்பது அந்தச் சிக்கலான எழுத்தில்தான் அச்சாகியிருக்கிறது.

நம் ஊர்ச் சட்டமும் எழுத்தின் பக்கம்தான். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 18ஆம் பிரிவு, காசோலையில் இலக்கத்தில் இருக்கும் தொகையும் எழுத்தில் இருக்கும் தொகையும் வேறுபட்டால் எழுத்தில் இருப்பதே செல்லும் என்கிறது. பிரிட்டனில் அடுத்த ஆண்டே வந்த சட்டமும் இதையே சொல்கிறது, 1931இல் ஜெனீவாவில் பல நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட காசோலை ஒப்பந்தமும் இதையே சொல்கிறது. இந்தியாவில் காசோலையை ஆங்கிலம், இந்தி, அல்லது அந்தந்த மாநில மொழியில் எழுதலாம் என்பதால் தமிழில் எழுதிய தொகைக்கும் இதே மதிப்புதான். பத்திரங்களில் தொகையை இலக்கத்திலும் போட்டு, பக்கத்திலேயே எழுத்தாலும் எழுதி, "மட்டும்" என்று முடித்து, மிச்ச இடத்தில் கோடு இழுத்துவிடுவதெல்லாம் இதற்காகத்தான்.

சரி, இப்போது நிரலுக்கு வருவோம். ஆங்கிலத்துக்கு இதை எழுதுவது கல்லூரி முதலாண்டுப் பயிற்சி. ஒன்றிலிருந்து பத்தொன்பது வரை ஒரு பட்டியல், இருபதிலிருந்து தொண்ணூறு வரை பத்துகளுக்கு ஒரு பட்டியல், அப்புறம் எண்ணை மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் சொல்லாக்கி, பின்னால் தவுசண்ட், மில்லியன் என்று ஒட்டிக்கொண்டே போகலாம். ஹண்ட்ரட் என்பது தனியாக நின்றாலும் ஹண்ட்ரட், பின்னால் எது வந்தாலும் ஹண்ட்ரட். எந்தச் சொல்லும் பக்கத்துச் சொல்லைப் பார்த்து மாறுவதில்லை. உலகத்தில் எல்லா மொழியும் இப்படித்தான் இருக்கும் என்று நிரல் எழுதுபவர்கள் எண்ணுவது இந்த ஒரு மொழியில் பழகியதால்தான்.

இந்தியைப் பாருங்கள். ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை கிட்டத்தட்ட ஒவ்வொரு எண்ணுக்கும் தனிச்சொல். இருபத்தொன்று இக்கீஸ், முப்பத்தொன்று இக்தீஸ், நாற்பத்தொன்று இக்தாலீஸ், ஐம்பத்தொன்று இக்யாவன் என்று போகும். உள்ளே ஒரு பொதுச் சாயல் தெரியும், ஆனால் அதை வைத்து அடுத்ததை ஊகிக்க முடியாது. ஒன்பதில் முடிவதெல்லாம் 'அடுத்த பத்துக்கு ஒன்று குறைவு' என்ற பழைய சமஸ்கிருத முறையில் வரும்: 39 உன்தாலீஸ், 49 உன்சாஸ், 59 உன்சட். ஆனால் 89க்கும் 99க்கும் அந்த முறை கிடையாது, நவாசி, நின்யானவே என்று ஒன்பதை வைத்தே வரும். படிக்கிற பிள்ளைகளுக்கு இது பெரிய பாரம். ஆனால் நிரலுக்கு? நூறு சொல்லை ஒரு பட்டியலில் போட்டுவிட்டால் முடிந்தது, அதற்கு மேல் சௌ, ஹஜார், லாக், கரோட் எதுவும் உருமாறாது. மனிதருக்குக் கடினமான மொழி இயந்திரத்துக்கு எளிதாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. தமிழ் இதற்கு நேர் எதிர். நமக்கு யோசிக்காமல் வரும், இயந்திரத்துக்குத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பிரெஞ்சு இரண்டுக்கும் நடுவில். அறுபது வரை ஒழுங்காகப் போய், எழுபதை 'அறுபது பத்து' என்றும், எண்பதை 'நான்கு இருபது' என்றும், தொண்ணூற்றொன்பதை 'நான்கு இருபது பத்தொன்பது' என்றும் சொல்வார்கள். பாரிஸில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பார்வையற்றோருக்காகத் தொடங்கிய மருத்துவமனையின் பெயரே 'பதினைந்து இருபது', அதாவது முந்நூறு. அங்கே முந்நூறு பேருக்கு இடம் இருந்தது. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் அதே பிரெஞ்சைப் பேசுகிறவர்கள் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நேரான சொல் வைத்திருக்கிறார்கள், சுவிட்சர்லாந்தின் சில பகுதிகளில் எண்பதுக்கும் உண்டு. இதில் நிரலுக்குத் தொல்லை கொடுப்பது இருபது கணக்கு அல்ல, ஓர் எழுத்து. எண்பது என்பது தனியாக நின்றால் கடைசியில் பன்மைக்கான 'எஸ்' எழுத வேண்டும், எண்பத்தொன்று என்று பின்னால் ஏதாவது வந்தால் அது போய்விடும். இருநூறு தனியாக நின்றால் எஸ் உண்டு, இருநூற்றொன்றில் கிடையாது. ஆயிரத்துக்கு எப்போதுமே கிடையாது. காதுக்கு வித்தியாசமே கேட்காது, எழுதும்போது மட்டும் வரும் விதி. 'மிச்சம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்லின் கடைசியை மாற்று' என்கிற இந்த வேலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தமிழில் இதுதான் எல்லாமே.

இருபது இருபதாக எண்ணுவது பிரெஞ்சுக்கு மட்டும் உரியது அல்ல. ஜார்ஜியாவில் எண்பது 'நான்கு இருபது'தான். டென்மார்க்கில் ஐம்பதைக் குறிக்கும் சொல் 'மூன்றாவதில் பாதி, பெருக்கல் இருபது' என்பதன் சுருக்கம். அதாவது இரண்டரை இருபது. நைஜீரியாவின் யோருபா மொழியில் கழித்தல் நிறைய: நாற்பத்தைந்து என்பது அறுபதிலிருந்து பத்தும் ஐந்தும் போக மீதி. வேல்ஸ் மக்களின் பழைய எண்முறையில் பதினெட்டு 'இரண்டு ஒன்பது'.

ஜெர்மனில் ஒன்றை முன்னால் வைத்து 'ஒன்றும் இருபதும்' என்பார்கள், ஆனால் நூறையும் ஆயிரத்தையும் வழக்கம்போலப் பெரியதிலிருந்து சொல்வார்கள். ஆகவே 345 என்பது 3, 5, 4 என்ற வரிசையில் காதில் விழும். சொல்வதைக் கேட்டு எழுதும் பிள்ளைகள் இலக்கத்தை மாற்றிப் போடுவது அங்கே ஆசிரியர்களுக்குப் பழகிப்போன பிழை. நார்வேயிலும் இதே முறைதான் இருந்தது. தொலைபேசி எண்களைச் சொல்லும்போது குழப்பம் வருகிறது என்று தொலைபேசித் துறை கேட்டுக்கொள்ள, நாடாளுமன்றமே முடிவெடுத்து 1951இல் பள்ளிகளிலும் அரசு வானொலியிலும் 'இருபது ஒன்று' என்ற வரிசைக்கு மாற்றினார்கள். எழுபது ஆண்டுக்கு மேலாகியும் பழைய வரிசை பேச்சிலிருந்து முழுதாகப் போகவில்லை. எண்ணுச் சொல் எவ்வளவு ஆழத்தில் பதிந்திருக்கிறது என்பதற்கு அந்த நாடு ஒரு சாட்சி.

ரஷ்யனும் அரபும்தான் மனிதர், இயந்திரம் இருவருக்கும் கடினமானவை. ரஷ்யனில் ஒரு ரூபிள், இரண்டு ரூபிளுக்கு வேறு உருவம், ஐந்துக்கு இன்னொன்று, இருபத்தொன்றுக்கு மறுபடியும் ஒருமை. ஆயிரம் பெண்பால் சொல் என்பதால் அதன் முன் வரும் இரண்டும் பெண்பாலாக வேண்டும். மில்லியன் ஆண்பால், அங்கே இரண்டு வேறு. வேற்றுமை உருபு ஏறினால் எண்ணின் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக உருமாறும். அரபில் மூன்று முதல் பத்து வரை, எண்ணப்படும் பொருள் ஆண்பாலானால் எண் பெண்பால் உருவில் வரும், பொருள் பெண்பாலானால் ஆண்பால் உருவில். இலக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்த மொழிகளில் சொல் எழுதவே முடியாது. எதை எண்ணுகிறோம், வாக்கியத்தில் எங்கே நிற்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

தாய்லாந்துக்காரர்களுக்கு ஒரு வசதி கிடைத்திருக்கிறது. எக்செல்லில் தொகையைத் தாய் மொழியில் எழுத்தாக மாற்றித் தருவதற்கென்றே பாத்டெக்ஸ்ட் என்று ஒரு செயற்கூறு உள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்துக்குக்கூட அப்படி ஒன்று இல்லை, அவரவர் எழுதிக்கொள்கிறார்கள். தாய் மொழியிலும் சின்னச் சின்னத் திருப்பங்கள் உண்டு, இருபதில் வரும் இரண்டு வழக்கமான இரண்டு அல்ல, இருபத்தொன்றின் கடைசியில் வரும் ஒன்று வழக்கமான ஒன்று அல்ல. அதையெல்லாம் ஒருவர் ஒருமுறை உட்கார்ந்து சரியாகச் செய்ததால் நாட்டுக்கே பயன்.

இனி தமிழ். தமிழில் நூறு, ஆயிரம் மாதிரியான ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு உருவம்: தனியே நிற்கும்போது ஒன்று, பின்னால் இன்னொரு எண் தொடரும்போது ஒன்று. நூறு, நூற்று. ஆயிரம், ஆயிரத்து. லட்சம், லட்சத்து. இருபது, இருபத்து. கோடி, கோடியே. இதை நிரலில் சொல்வதற்கு அழகான வழி ஒன்று உண்டு: சொல்லின் மாறாத பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, வாலை மீதியைப் பார்த்து ஒட்டுவது. 'ஆயிர' வரை எழுதிவிட்டு, மீதி சுழி என்றால் 'ம்', இல்லையென்றால் 'த்து'. 'இருப' வரை எழுதிவிட்டு, மீதி சுழி என்றால் 'து', இல்லையென்றால் 'த்து'. 'நூ' எழுதிவிட்டு 'று' அல்லது 'ற்று'. யூனிகோடு கூட்டமைப்பு உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் பராமரிக்கும் மொழித் தரவுகளில் எண்ணைச் சொல்லாக்கும் விதிகளை எழுதுவதற்கென்றே ஒரு குறிமுறை இருக்கிறது. அதிலும் மீதிக்கென்று ஒரு துணைவிதி போட்டு இதைச் செய்துவிடலாம். ரசீதில் வரும் 'ஆயிரம் இருநூறு ஐம்பது' போன்ற பிழைகளில் முக்கால்வாசி இந்த ஒரு விதியிலேயே ஒழிந்துவிடும்.

அடுத்தது நூறுகளின் பட்டியல். இருநூறு, முந்நூறு, நானூறு, ஐந்நூறு, அறுநூறு, எழுநூறு, எண்ணூறு, தொள்ளாயிரம். இதில் முந்நூறும் ஐந்நூறும் 'ந்'தான், 'முன்னூறு' என்று எழுதுவது இப்போது பரவலாகிவிட்டது, பத்திரத்திலாவது சரியாக இருக்கட்டும் என்பது என் எண்ணம். இவற்றைச் சொற்களை ஒட்டி உருவாக்கப் பார்க்காதீர்கள், எட்டே சொல், நேராகப் பட்டியலில் எழுதிவிடுங்கள். பதினொன்று முதல் பத்தொன்பது வரையும் அப்படித்தான். பன்னிரண்டும் பத்தொன்பதும் மற்றவற்றின் வழியில் வராது.

ஒன்பதைப் பற்றி நின்று சொல்லியே ஆக வேண்டும். எண்பது வரைக்கும் பத்துகள் எல்லாம் பத்தில் முடிகின்றன, தொண்ணூறு மட்டும் நூறில் முடிகிறது. எண்ணூறு வரை நூறில் முடிந்து, தொள்ளாயிரம் ஆயிரத்தில் முடிகிறது. ஒன்பதுக்கு வரும்போது சொல் ஒரு படி மேலே ஏறி, அடுத்த பெரிய எண்ணைப் பிடித்துக்கொள்கிறது. இது இன்று நேற்றுக் கவனித்த விஷயம் அல்ல. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் கடைசி இயலான குற்றியலுகரப் புணரியல், ஒன்பதும் பத்தும் சேர்ந்தால் எப்படித் தொண்ணூறு ஆகிறது என்று எழுத்து எழுத்தாக விதி சொல்கிறது: முன்னால் தகரம் ஏறும், உள்ளே ணகரம் இரட்டிக்கும், பஃது என்பதில் பகரமும் ஆய்தமும் போய்விடும், அந்த இடத்தில் ஊகாரம் வரும், இப்படி. நன்னூலும் தொண்ணூறு, தொள்ளாயிரம் இரண்டுக்கும் விதி சொல்கிறது. உள்ளே போட்டதை வெளியே இன்னொன்றாக மாற்றித் தரும் படிப்படியான செயல்முறைதான் நிரல் என்றால், தமிழ் எண்ணுச் சொற்களுக்கான நிரலைப் பெரும்பாலும் அந்த இயலிலேயே எழுதிவைத்துவிட்டார்கள் என்று நான் மனதாரச் சொல்வேன். மலையாளத்திலும் தொண்ணூறு, தொள்ளாயிரம் அப்படியே இருக்கின்றன. தெலுங்கில் தொண்ணூறுக்குத் தனிச்சொல் உண்டு, ஆனால் தொள்ளாயிரத்தை 'ஒன்பது நூறுகள்' என்று நேராகவே சொல்வார்கள்.

தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒளிந்திருப்பதால் அதன் வால் நூறின் வால் அல்ல, ஆயிரத்தின் வால்: தொள்ளாயிரத்து. தொண்ணூறின் வால் பத்தின் வால் அல்ல: தொண்ணூற்று. நிரலில் 'பத்துகள் என்றால் த்து, நூறுகள் என்றால் ற்று' என்று பொதுவாக எழுதியவர்கள் இடறுவது இந்த இரண்டில்தான். சொல்லின் வாலை அதன் மதிப்பைப் பார்த்து முடிவு செய்யாமல் சொல்லைப் பார்த்தே முடிவு செய்தால் பிழை வராது.

அப்புறம் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா? இருபத்து ஒன்று, இருபத்தொன்று இரண்டும் சரிதான், ஆனால் ஓர் ஆவணத்துக்குள் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பத்துகளுக்குள் சேர்த்தும், நூறுக்கு மேல் பிரித்தும் எழுதினால் படிக்க எளிதாக இருக்கிறது என்பது என் அனுபவம்: நூற்று இருபத்தைந்து. சேர்ப்பதற்கான விதியும் எளிது. ஒன்றிலிருந்து ஒன்பது வரை எடுத்துக்கொண்டால் மூன்றும் நான்கும் மட்டும்தான் மெய்யில் தொடங்குகின்றன, மற்ற ஏழும் உயிரில். ஆகவே மூன்று, நான்கு வந்தால் இடைவெளி விட்டு அப்படியே வைக்கலாம் (இருபத்து மூன்று), மற்றவை வந்தால் 'து'வின் உகரம் போய், வரும் உயிர் அந்த இடத்தில் ஏறும். யூனிகோடில் தமிழ் உயிர்மெய் என்பது மெய்யெழுத்துக் குறியும் உயிர்க் குறியுமாக இரண்டு துண்டாகச் சேமிக்கப்படுவதால் இது இன்னும் வசதி: கடைசி உகரக் குறியை நீக்கு, அடுத்த சொல்லின் முதல் உயிரெழுத்தை அதற்குரிய குறியாக மாற்றி ஒட்டு. இருபத்து, ஐந்து இரண்டும் இருபத்தைந்து ஆகிவிடும். நாற்பத்து, எட்டு சேர்ந்து நாற்பத்தெட்டு. பேச்சில் 'இருபத்தி' என்று இகரமாகக் கேட்கிறது, நிறையப் பேர் அப்படியே எழுதுகிறார்கள், பேசும் செயலிகளில் அது இருக்கலாம். பத்திரத்தில் இருபத்து என்றே இருக்கட்டும்.

பிரித்து எழுதும்போது ஒற்று மிகுவதையும் கவனிக்க வேண்டும், இதற்குப் பயப்படத் தேவையில்லை. இப்படி வாலுக்குப் பின்னால் தொடர்ந்து வரும் எண்ணுச் சொற்களில் வல்லினத்தில் தொடங்குபவை பத்து, பதினொன்று என்று பகரத்தில் வரும் கூட்டமும், தொண்ணூறு, தொள்ளாயிரம் என்ற இரண்டும்தான். நூற்று, ஆயிரத்து, லட்சத்து இவற்றுக்குப் பின்னால் அவை வந்தால் ப் அல்லது த் போட வேண்டும், அவ்வளவே. நூற்றுப் பதினாறு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

ஒன்று எங்கே ஒரு ஆகிறது, எங்கே காணாமலே போகிறது என்பது அடுத்த முடிச்சு. நூறுக்கும் ஆயிரத்துக்கும் முன்னால் ஒன்று வராது. லட்சத்துக்கும் கோடிக்கும் முன்னால் 'ஒரு' வேண்டும். இருபத்தொன்று லட்சம் என்று சொல்ல மாட்டோம், இருபத்தொரு லட்சம். நூற்றொரு கோடி. பின்னால் ரூபாய் வந்தாலும் இதே கதை: இருபத்தொரு ரூபாய். காசோலையில் 'ரூபாய் இருபத்தொன்று மட்டும்' என்று ரூபாயை முன்னால் போடும் வழக்கம் இந்தச் சிக்கலைத் தாண்டிவிடுகிறது. ஆயிரத்துடன் சேரும்போது இன்னும் உருமாற்றம்: மூவாயிரம், ஐயாயிரம், பதினோராயிரம், இருபத்தோராயிரம், ஆனால் ஆறாயிரம், ஏழாயிரம், எட்டாயிரம் நேராகவே. மூன்றாயிரம் என்பதும் வழக்கில் உண்டு, யாரும் தவறு சொல்ல மாட்டார்கள். ஒன்றில் முடியும் ஆயிரங்களை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. பழைய தமிழ் எண்குறிகளில் பத்து, நூறு, ஆயிரம் மூன்றுக்கும் தனிக் குறிகள் உண்டு: ௰, ௱, ௲. 3456ஐ ௩௲௪௱௫௰௬ என்று எழுதினார்கள். மூன்று ஆயிரம் நான்கு நூறு ஐந்து பத்து ஆறு. சொல்லும் வரிசையே எழுதும் வரிசை. இட மதிப்பும் சுழியும் இந்த எழுத்துமுறைக்குள் வந்து சேர்வதற்கு முன்னால் எண்ணை எழுதுவதும் எண்ணைச் சொல்வதும் இவ்வளவு பக்கத்தில் இருந்தன. மொரிஷியஸ் நாட்டு ரூபாய்த் தாளில் தொகை தமிழ் எழுத்திலும் தமிழ் எண்ணிலும் இன்றும் அச்சாகிறது. 1998இல் அங்கே வெளியிட்ட புதிய தாள்களில் தமிழ் இருந்த வரிசையை மாற்றி இந்தியை முன்னால் கொண்டுவந்ததற்குத் தமிழர்கள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவிக்க, அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றார்கள். நம் ஊர் ரூபாய்த் தாளின் பின்பக்கத்தில் பதினைந்து மொழிகளில் தொகை எழுத்தால் வரும், அதில் தமிழும் உண்டு.

பெரிய எண்களுக்கு வந்தால் வெட்டும் முறையே மாறுகிறது. ஆங்கிலத்துக்கு மூன்று மூன்றாக. சீனம், ஜப்பான், கொரியாவுக்கு நான்கு நான்காக, அங்கே பத்தாயிரத்துக்குத் தனிச்சொல் உண்டு, அதன்பின் பத்தாயிரம் மடங்கில் அடுத்த சொல். நமக்குக் கடைசி மூன்று, அப்புறம் இரண்டு இரண்டு. மூன்றாக வெட்டும் நிரலுக்குத் தமிழ்ச் சொல்லை மாட்டினால் 1,20,000 என்பது 'நூற்று இருபது ஆயிரம்' என்று வந்து நிற்கும். கோடிக்கு மேலே என்ன செய்வது என்று சிலர் பத்மம், சங்கம் என்று பழைய நூல்களிலிருந்து பேரெண்களைத் தேடி எடுக்கிறார்கள். அது தேவையே இல்லை. பட்ஜெட் செய்தியில் எல்லோரும் சொல்வதுபோல ஆயிரம் கோடி, லட்சம் கோடி என்று சொல்லலாம். நிரலில் இதற்கு ஒரே வரி போதும்: எண்ணைக் கோடியால் வகுத்து, ஈவை இதே நிரலிடம் மறுபடி கொடுத்துச் சொல்லாக்கி, பின்னால் கோடி என்று ஒட்டு, மீதி இருந்தால் கோடியே. எவ்வளவு பெரிய எண்ணானாலும் இது தாங்கும்.

இலங்கைக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் எழுதினால் இன்னொரு முறையும் வேண்டும். இலங்கைச் செய்திகளில் மில்லியன், பில்லியன் சாதாரணமாக வருகின்றன, லட்சத்தை இலட்சம் என்று எழுதுவதும் அங்கே அதிகம். சிங்கப்பூர், மலேசியத் தமிழிலும் மில்லியன்தான். பில்லியனை வேறு மொழியிலிருந்து எடுத்து மாற்றும்போது கூடுதல் கவனம் தேவை. பிரிட்டனில் அது ஒரு காலத்தில் மில்லியன் மில்லியனைக் குறித்தது, 1974இல்தான் அரசாங்கம் ஆயிரம் மில்லியன் என்ற அமெரிக்கக் கணக்குக்கு மாறியது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் அந்தச் சொல் இன்றும் பழைய பெரிய கணக்கில்தான் இருக்கிறது.

இதெல்லாம் ரசீதுக்கும் காசோலைக்கும் மட்டுமா என்றால் இல்லை. கண் தெரியாதவர்கள் திரைபடிப்பான் வழியாகக் கணினியைக் கேட்டுத்தான் பயன்படுத்துகிறார்கள், அங்கே ஒவ்வோர் இலக்கமும் சொல்லாக வேண்டும். 1947 என்பது ஆண்டா, தொகையா, வீட்டு எண்ணா, கடவுச்சொல்லா என்று பார்த்து, தொகையென்றால் முழுதாக, தொலைபேசி எண்ணென்றால் ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க வேண்டும். ரயில் நிலைய அறிவிப்பில், வங்கியின் தானியங்கிக் குரலில், 'நூறு இருபது ஐந்து' என்று துண்டு துண்டாக விழும்போது காது அதைக் கூட்டிக் கோத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தமிழில் நூற்று என்ற சொல் காதில் விழுந்த உடனேயே இன்னும் ஏதோ வருகிறது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும், நூறு என்றால் முடிந்தது என்று தெரிந்துவிடும். அந்த வாலில் ஒரு தகவல் இருக்கிறது. அதை வெட்டிப் போட்டால் மொழி நமக்குக் கொடுத்த உதவியை நாமே எடுத்துவிடுகிறோம்.

நிரல் எழுதும் நண்பர்களுக்கு நடுவில் ஒரு விளையாட்டு. ஓர் எண்ணை ஆங்கிலத்தில் எழுத்தாக எழுதி, எழுத்துகளை எண்ணி, வந்த எண்ணை மறுபடி எழுதி எண்ணிக்கொண்டே போனால் எங்கே தொடங்கினாலும் நான்கில் வந்து நின்றுவிடும், ஏனென்றால் ஆங்கிலத்தில் நான்கு என்ற சொல்லுக்கு மட்டும்தான் அதன் அளவே எழுத்து. தமிழில் செய்து பாருங்கள்: ஆறு இரண்டெழுத்து, இரண்டு நான்கெழுத்து, நான்கு மூன்றெழுத்து, மூன்றும் மூன்றெழுத்து. எந்த எண்ணில் தொடங்கினாலும் மூன்றில் நிற்கும். பிரெஞ்சில் நிற்கவே நிற்காது, மூன்று ஐந்தாகி, ஐந்து நான்காகி, நான்கு ஆறாகி, ஆறு மறுபடி மூன்றாகிச் சுற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் நிரல் சொற்களைச் சரியாக எழுதுகிறதா என்று வகுப்பில் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க இது நல்ல வழி.

வேலைக்கு விடுவதற்கு முன்னால் முறையாகச் சோதிக்க வேண்டும் என்றால் வரிசையாக ஆயிரம் எண்களை ஓட்டிப் பார்ப்பதைவிட, பொறுக்கியெடுத்த சிலவற்றைக் கண்ணால் படிப்பது மேல். 12, 19, 21, 23, 90, 99, 100, 101, 110, 300, 900, 909, 999 இவை போதுமான அளவு சிறிய பிழைகளைக் காட்டிவிடும். பிறகு 1,000, 1,900, 11,000, 21,000, 90,000. லட்சத்தில் 1,00,000, 1,00,001, 21,00,000. கோடியில் 1,00,00,000, 1,00,00,005, அப்புறம் 1,23,45,678. கடைசியாகச் சொன்னது ஒரு கோடியே இருபத்து மூன்று லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்து அறுநூற்று எழுபத்தெட்டு என்று வர வேண்டும். 9,99,999ஐயும் விட்டுவிடாதீர்கள்: ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. இந்த ஓர் எண்ணிலேயே ஒன்பதின் மூன்று உருவமும், நான்கு வால்களும், மூன்று இடத்தில் ஒற்றும் வந்துவிடுகின்றன. சுழி, சுழிக்குக் கீழே போகும் குறை எண், பைசா மூன்றும் தனி. பைசாவை ரூபாயோடு ஒட்டாமல், முழுத் தொகைக்குப் பின்னால் இன்னொரு முறை இதே நிரலை அழைத்துச் சொல்லாக்கிக்கொள்ளலாம்.